அண்ணி பார்த்துக்கொண்ட இரண்டு நாட்கள்

என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுபவர், அன்று வீட்டுக்குள் வந்ததும் முதல் வேலையாகக் கையிலிருந்த கண்ணாடி வளையல்களைக் கழற்றி அலமாரியின் மேல் வைத்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. படுக்கையில் கிடந்த தன் அம்மாவைப் புரட்டும்போது தோலில் கீறிவிடுமே என்று கழற்றினார். நான் சொல்லித் தரவில்லை. கனகம்மாசத்திரத்திலிருந்து காலைப் பஸ்ஸில் வரும்போதே அதையெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு கட்டிலருகே போனார். "எப்டி திருப்பறதுன்னு ஒரு தபா காட்டும்மா" என்றார். நான் மாமியாரின் தோளுக்கும் இடுப்புக்கும் அடியில் கை கொடுத்து ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். அண்ணி கூர்ந்து பார்த்துக்கொண்டார். வாசலில் கார் வந்து நின்றதும், போன் செய்யக் கூடாது, தானும் செய்யப் போவதில்லை என்று சொல்லி எங்களை ஏறக்குறையத் தள்ளித்தான் அனுப்பினார்.

மாமியார் பக்கவாதத்தில் விழுந்து அப்போது ஆறாவது வருடம். ஒரு பக்கம் முழுக்க விளங்காமல் போய், பிறகு மெல்ல மெல்ல நினைவும் கலங்கிவிட்டது. நான் பார்த்துவந்த பள்ளிக்கூட வேலையை விட்டேன். கணவருக்குத் திருத்தணி தாலுகா ஆபீஸுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை. காலையில் அம்மாவைத் தூக்கிக் குளிப்பாட்டிவிட்டுக் கடைக்குப் போவார். மதியம் கடையைப் பூட்டிக்கொண்டு வந்து என்னோடு சேர்ந்து துணி மாற்றிவிட்டுத் திரும்புவார். முருகன் கோயில் கிருத்திகைக் கூட்டத்தில் தெருவே அடைத்துக்கொண்டிருந்தாலும் கூட்டத்தை இடித்துக்கொண்டு அந்த நேரத்துக்கு வந்துவிடுவார். நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் கஞ்சி இறங்கியதா, படுக்கைப் புண் ஆறியதா என்பது மட்டும்தான். சண்டைகூட வந்ததில்லை. சண்டை போடவும் உடம்பில் தெம்பு வேண்டும்.

அந்த வருடங்களில் எனக்கு அண்ணி மேல் இருந்தது கோபம்தான். அவருக்குத் திருப்பதி சாலையில் ஒரு டிபன் கடை. புருஷன் எப்போதோ வேறு குடும்பம் தேடிப் போய்விட்டார், பிள்ளையும் இல்லை. கடையை ஒரு நாள் மூடினாலும் வாடிக்கைக்காரர்கள் பக்கத்துக் கடைக்குப் பழகிவிடுவார்கள் என்று பயப்படுவார். அதனால் மாதத்துக்கு ஒருமுறை, மதிய வேளையில் பழங்களோடு வருவார். அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து அழுவார். முதுகில் பவுடர் போடவில்லையா, தலையில் ஏன் இவ்வளவு சிக்கு என்று கேட்பார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். பெண்ணுக்கு அம்மா மேல் எவ்வளவு பாசம் என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொள்வார்கள். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன்தான் எங்கள் கல்யாண நாளுக்கென்று ஆந்திரப் பக்கம் ஹார்ஸ்லி மலையில் ஒரு சொகுசு விடுதியில் அறை போட்டான். இரண்டு இரவு, எண்ணெய்க் குளியல், மசாஜ், சாப்பாடு எல்லாம் சேர்த்து. பாட்டியை யார் பார்த்துக்கொள்வது என்று நான் கேட்பதற்கு முன்பே அத்தையிடம் பேசிவிட்டேன் என்றான். அவர் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார் என்றபோது நான் நம்பவில்லை.

சித்தூர் தாண்டி மதனப்பள்ளி வழியாக மலை ஏறினோம். தைல மரங்களின் வாசனை காருக்குள் வந்தது. விடுதியில் எலுமிச்சைச் சாறு கொடுத்து, ஈரத் துண்டு நீட்டி, தெலுங்கில் வரவேற்றார்கள். அறையில் வெள்ளை மெத்தையின் மேல் ரோஜா இதழ்களைக் கொட்டி வைத்திருந்தார்கள். கணவர் அதைப் பார்த்துவிட்டு, யாராவது வருவதற்குள் இதைக் கூட்டி எடுத்துவிடு என்றார். மற்ற அறைகளில் எல்லாம் புதிதாகக் கல்யாணமானவர்கள். பள்ளத்தாக்கைப் பார்த்தபடி பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்த இரண்டு நாற்காலிகளில் நாங்கள் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் அவர் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். சாப்பாட்டு மேஜையில் அவர் சோற்றில் ரசத்தை ஊற்றிக் குழையக் குழையப் பிசைந்துகொண்டே இருந்தார். யாருக்கு ஊட்டுவதற்கு என்று நான் கேட்டதும் கை நின்றது.

மறுநாள் காலை மசாஜ். மங்கிய வெளிச்சத்தில், இளஞ்சூட்டு எண்ணெயோடு ஒரு பெண் என் முதுகில் கை வைத்து, "எக்கட நொப்பி அக்கா?" என்று கேட்டாள். எங்கே வலிக்கிறது என்பதைத்தான் கேட்டாள். அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டு வெகு நாளாகியிருந்தது. முகம் புதைத்திருந்த துண்டு நனைவது தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கும். தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

அன்று சாயங்காலம், கீழேயிருந்து மேகம் ஏறி வந்து எதிரிலிருந்த மலையை மறைத்தபோது, அவர் பேச ஆரம்பித்தார். வேலூர்ப் பக்கம் முடியாதவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு இல்லம் இருப்பதாகவும், கடைக்குப் பேப்பர் வாங்கப் போவதாக என்னிடம் சொல்லிவிட்டு அதைப் போய்ப் பார்த்து வந்ததாகவும் சொன்னார். பிறகு மேகத்தைப் பார்த்தபடியே சொன்னார்:

"அம்மா போயிட்டா தேவலன்னு நெனச்சிகினு இருக்கறேன். தெனமும் குளிப்பாட்டும்போது நெனக்கறேன். நானெல்லாம் ஒரு புள்ளயா?"

"நானுந்தான் நெனக்கறேன்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆறு வருடமாக ஒரே கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, ஒருவருக்கொருவர் மறைத்து வைத்திருந்தது அது. சொல்லிவிட்டதும் உடம்பு லேசாகிவிடவில்லை. இன்னும் களைப்பாகத்தான் இருந்தது. ஆனால் அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். குளிர் ஏறும்வரை அப்படியே இருந்தோம்.

வீடு திரும்பியபோது அண்ணி கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தார். தலை கலைந்திருந்தது. எழுந்திருக்க இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மாமியார் சுத்தமாக, ஒருக்களித்துப் படுத்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு அண்ணி மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு நாளும் என்ன யாருன்னு கேட்டுச்சி. உன் பேரச் சொல்லி, அவ எங்க, அவளக் கூப்புடுன்னு ஒரே அழுவ."

தள்ளிப் போட முடியாமல் கணவர் இல்லத்தைப் பற்றி அப்போதே சொல்லிவிட்டார். அண்ணி கத்துவார் என்று நான் காத்திருந்தேன். அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"போன வாரம் சொல்லியிருந்தா சண்ட போட்டிருப்பேன் நைனா. இப்ப எனக்கு வாயில்ல. சேக்கறதுன்னா சேத்துடு. அதுக்கு முன்ன, மாசத்துல பாதி நா வந்து பாக்கறேன். அப்பவும் முடியலன்னா பாத்துக்கலாம்."

கடை என்ன ஆவது என்று கணவர் கேட்டார். "பாதி மாசம் தெறந்தா பாதி சோறு" என்றார் அண்ணி.

சொன்னபடியே வந்தார். மாமியார் இருந்த மீதிக் காலம் முழுவதும் வந்தார். அண்ணி இருக்கும் நாட்களில் நான் மதியம் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினேன். கணவர் கடையில் முழு நாளும் இருந்தார். புண் ஆறியது. மாமியார் அண்ணியைக் கடைசிவரை மகளென்று அடையாளம் கண்டுகொள்ளவில்லை. ஆயா வேலைக்கு வந்த யாரோ என்று நினைத்து, சமயத்தில் அதட்டவும் செய்வார். அண்ணி, "ஆங், சரிங்க" என்று பதில் சொல்லியபடி வேலையைப் பார்ப்பார். இல்லத்தைப் பற்றி மறுபடி யாரும் பேசவில்லை. ஒரு மழைக்கால விடியலில் அண்ணி வாய் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோதே மாமியாரின் மூச்சு நின்றது. நாங்கள் மூவரும் அழுதோம். அழுத பிறகு, சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், மூவரும் அங்கங்கே படுத்துத் தூங்கிவிட்டோம்.

அதன் பிறகு அண்ணியை அந்த மலைக்கு ஒருமுறை அழைத்துப்போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எண்ணெய் தேய்த்துக்கொள்ள மலை ஏற வேண்டுமா என்று சிரித்துவிட்டு முழு மாதமும் கடையைத் திறக்கப் போய்விட்டார். அவருக்கு முடியாமல் போனால் இங்கேதான் கொண்டு வர வேண்டும் என்று நானும் கணவரும் பேசி வைத்திருந்தோம். அதற்கு வழியே வைக்கவில்லை. போன வருடம் ஒரு காலை, சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இப்போதெல்லாம் மகன் அடிக்கடி கேட்கிறான், எங்காவது போய்விட்டு வாருங்களேன் என்று. கணவர் கடையை மதியத்தோடு மூடிவிடுகிறார். சாப்பிட்டுவிட்டு இருவரும் மின்விசிறியின் கீழ் படுக்கிறோம். எவ்வளவு தூங்கினாலும் எழும்போது களைப்பாகவே இருக்கிறது. அன்று, விட்டுவிட்டுப் போனால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையே என்று போகாமல் இருந்தோம். இன்று பார்த்துக்கொள்ளும்படியாக வீட்டில் யாரும் இல்லை. எந்த மலைக்கும் எப்போது வேண்டுமானாலும் போகலாம். நேற்றுகூட அவர், போவோமா என்று கேட்டார். போகலாம் என்றேன். அவர் மறுபக்கம் திரும்பிப் படுத்தார். நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.