பெட்டி மூடியில் வைத்த மஞ்சள்

என் மகள் கடலில் கண்ணாடி தொங்கவிடுகிறவள். கேட்பவர்களிடம் அப்படித்தான் சொல்வேன். அவள் படிப்பின் பெயர் என் வாயில் நுழையாது. வேலை எனக்குத் தெரியும்.

தண்ணீருக்குள் எதைப் போட்டாலும், ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் கொட்டலசு வந்து பற்றும் முன்பே கண்ணுக்குத் தெரியாத புரதம் அதன்மேல் படிந்துவிடுமாம். கப்பலின் அடிப்புறமும் அப்படித்தானாம். எந்தப் பூச்சில் அது ஒட்டும், எதில் ஒட்டாது என்று பார்ப்பது அவள் வேலை. பூச்சு பூசிய கண்ணாடிச் சில்லுகளைத் துறைமுகத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்துப் போவாள். அவளுடைய கருவி ஒளியைப் பாய்ச்சினால் ஒட்டியிருக்கும் புரதம் பதிலுக்கு மினுங்கும். அந்த மினுக்கத்தை வைத்து எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள்.

வடக்கே தூரத்து ஊரில் இருக்கிறாள். பொங்கலுக்கும் வரவில்லை, தீபாவளிக்கும் வரவில்லை. கண்ணாடிக்காகத்தான் வந்தாள். வா என்று நான் கேட்கவில்லை. கேட்டு வரவழைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

எங்கள் வீட்டில் புதுச் சாமான் எதுவும் மஞ்சள் படாமல் வாசல் தாண்டாது. அவள் கொண்டுவந்ததோ புதுப் பெட்டி. வெளியே ஏதேதோ சீட்டு ஒட்டியிருந்ததால் மூடியின் உள்பக்கம் மஞ்சளைக் குழைத்து வைத்தேன். பெட்டியே மஞ்சள் நிறம். அவள் கண்ணில் படவில்லை. கடலில் ஊறிய கண்ணாடிகளை ஈரத்தோடு அதில் அடுக்கிக்கொண்டு ரயிலேறினாள்.

பிறகு போன் வந்தது.

“யம்மா, பெட்டியில மஞ்சள் வச்சியா?”

“வைக்காம? புதுப் பெட்டியில்லா.”

“வெளக்கு போட்டா கண்ணாடி அத்தனையும் பச்சையா எரியுது. எது புரதம், எது ஒம் மஞ்சள்னு பிரிக்க முடியல. மஞ்சளும் மினுங்கும்மா!”

“மினுங்காதா பின்ன? பாத்துப் பாத்து வாங்குன வெரலி மஞ்சளாக்கும்.”

அவள் சிரிக்கவில்லை. “எல்லாத்தையும் மொதல்ல இருந்து செய்யணும்.”

“அப்ப திரும்ப வாரியா?”

“வராம?”

நியாயமாக நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கே மீன்காரியிடம் சீலா மீனுக்குச் சொல்லிவைத்தேன்.

வந்ததும் வாசலிலேயே, “கையைக் காட்டு பாப்போம்,” என்றாள்.

“போளா. ஒம் பெட்டியத் தொட எனக்கென்ன வேண்டுதலா?”

மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனாள். இந்தத் தடவை கொண்டுவந்த புதுப் பெட்டி அடுப்படி மேடையில் இருந்தது. மஞ்சள் டப்பா கை எட்டும் தூரத்தில். ஒரு விரல் போதும், இன்னொரு தடவை வருவாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவள் தலைமாட்டில் போய் உட்கார்ந்தேன்.

கூடவே கொண்டுவந்திருந்த மஞ்சள் பட்ட பழைய பெட்டியை, “நீயே வச்சுக்க, பருப்பு போட்டுக்க,” என்று விட்டுப்போனாள்.

போன வாரம் கூப்பிட்டாள். “யம்மா, இந்தத் தடவை சுத்தமா வந்துருக்கு. புரதம் மட்டுந்தான் தெரியுது.”

“நல்லதுளா.”

இனி இங்கே அவளுக்கு வேலை இல்லை. எப்போது வருவாய் என்பது வாய்வரை வந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டுவைத்தேன்.

பழைய பெட்டியில் ஒரு கண்ணாடி தங்கிவிட்டது. வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. அதற்கு அவள் கருவி வேண்டும்.