எட்டு ஜிபி அக்கா

அந்த அச்சகத்தில் கட்டட உயரத்துக்கு விளம்பரப் பதாகைகள் அடிப்பார்கள். படங்களைத் திருத்தி அச்சுக்குத் தயார் செய்ய இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி, ஒன்பது வருடமாக அங்கே வேலை பார்க்கும் டிசைனர். இன்னொருவன் முதலாளியின் மச்சினன். வந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. புதுக் கம்ப்யூட்டர் வாங்கியபோது அது யார் மேசைக்குப் போனது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அவனுடையதில் அறுபத்து நான்கு ஜிபி ரேம். அவளுடையதில் எட்டு. அதனால் மச்சினன் அவளுக்கு ‘எட்டு ஜிபி அக்கா’ என்று பெயர் வைத்தான். சிரித்துக்கொண்டேதான் கூப்பிடுவான். அவளுக்கு அந்தச் சிரிப்புதான் முதலில் சுடும்.

ரேம் என்பது வேலை செய்கிற மேசை மாதிரி. படத்தை விரிக்க மேசை போதாவிட்டால், கம்ப்யூட்டர் பாதியைச் சுருட்டி டிஸ்க் என்னும் அலமாரியில் வைக்கும். தேவைப்படும்போது ஓடிப்போய் எடுத்து வரும். பிரஷை ஒரு இழுப்பு இழுத்தால் கோடு விழ அரை நிமிடம். அந்த அரை நிமிடங்களை எல்லாம் கூட்டினால் அவள் ஆயுளில் ஒரு வருடமாவது தேறும். அதற்கு முதலாளி வைத்த பெயர், “உனக்குக் கை மெதுவும்மா.” மச்சினனுக்கு வைத்த பெயர், “கைராசிக்காரன்.”

கைராசியாம்! படித்தவர்கள், வெள்ளைச் சட்டை போட்டவர்கள், கண்ணெதிரே இருக்கும் காரணத்தைப் பார்க்க மாட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத ராசியைப் பார்ப்பார்கள். ஏனென்றால் காரணத்தை ஒப்புக்கொண்டால் பங்கிட வேண்டிவரும்.

அவளுக்கோ வயிறு எரிந்தது. அவன் திரையில் வேலை முடிவதைக் காட்டும் பட்டை சட்டென்று ஓடி முடிவது அவளுடைய கண்ணாடித் திரையில் பிரதிபலிக்கும். தன் வேலையை விட்டுவிட்டு அதையே பார்ப்பாள். ஈர டம்ளரை அவன் புது மெஷினின் தலையில் வைப்பான். வட்டம் வட்டமாகக் கறை விழும். அதைப் பார்க்கிறபோது தன் குழந்தையை எவனோ அடித்தது போல அவளுக்குத் துடிக்கும்.

வீட்டில் கணவன் சிரித்தான். “நான் வேற பொண்ணுகூடப் பேசினப்பகூட நீ இப்படி எரிஞ்சதில்லையே!”

“உங்ககிட்ட அறுபத்து நாலு ஜிபி இல்லையே. அப்புறம் எவ பொறாமைப்படுவா?”

எட்டு ஜிபியில் அறுபது அடிப் படத்தை ஓட்ட அவள் கற்றது கொஞ்சமல்ல. ஐந்து வரிகளாக ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தாள். மற்றதை எல்லாம் மூடு. செய்ததை அழித்துப் பின்வாங்கும் ‘அன்டூ’ படிகள் பத்து போதும், நூறு வேண்டாம். தெருவுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கிற படத்துக்குப் புள்ளி அடர்த்தியைக் குறை. வேலை முடிந்த லேயர் அடுக்குகளை ஒன்றாக்கு, ஆனால் நகலில் மட்டும். சுருட்டி வைக்கும் தற்காலிகக் கோப்புகளுக்கு வேறு டிஸ்கைக் கொடு. கடைசி வரியைக் கண்டுபிடிக்கவே அவளுக்கு ஒரு வருடம் பிடித்தது.

ஒருநாள் துணிக்கடை ஒன்றின் முன்சுவரை மறைக்கும் பதாகை வந்தது. முதலாளி அவள் பக்கம் பார்க்கக்கூட இல்லை. “மாப்ளே, இது உன் கைக்குத்தான்.”

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். “சார், கைராசின்னா அது கையோடதானே வரும்? மெஷினோடவா வரும்?”

“என்னம்மா சொல்ற?”

“ஒரு நாள் எடம் மாத்தி ஒக்காருவோம். அதே படம், ரெண்டு பேருக்கும். நான் முந்திட்டா அந்த மெஷின் எனக்கு.”

“மாமா, எட்டு ஜிபி அக்கா பந்தயம் கட்டுறாங்க!” மச்சினன் கைதட்டினான். “ஒத்துக்கங்க மாமா, ஜாலியா இருக்கும்.”

மறுநாள் பத்து மணிக்கு இடம் மாறி உட்கார்ந்து தொடங்கினார்கள். ஒட்டியிருந்த தாளை அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை; அமைப்புகளை எல்லாம் தன் வழக்கப்படி மாற்றிவிட்டுப் படத்தை முழு அடர்த்தியில், எல்லா லேயர்களோடும் திறந்தான். அதே திரையில் இன்னொரு ஜன்னலில் கிரிக்கெட் ஓடியது. பதினொன்றுக்குள் பழைய மெஷினின் விசிறி இரைந்தது, திரையில் அம்புக்குறி வட்டமாகிச் சுற்றத் தொடங்கியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு டிஸ்கில் இடமில்லை என்று ஒரு செய்தி. அதுவரை செய்ததை அவன் சேமிக்கவில்லை.

“மாமா, இந்த மெஷின் சரியில்ல. இதுல மனுஷன் வேல பாப்பானா?”

“இதுலதானேடா அந்தப் பொண்ணு ஒம்பது வருஷமா…” முதலாளி பாதியில் நிறுத்திக்கொண்டார். தான் சொன்னது தனக்கே கேட்டுவிட்டது போல.

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அவள் படத்தை அச்சுக்கு அனுப்பியிருந்தாள். மெஷின் அவளுடையதாயிற்று. முதல் வேலையாக அதன் தலையிலிருந்த டம்ளர் கறையைத் துடைத்தாள். இரண்டாவது, பழைய திரையோரம் ஒட்டியிருந்த தாளைப் பிய்த்துக் கைப்பையில் வைத்தாள்.

புது மெஷினில் அவளுக்கு அந்தத் தாள் தேவையே இல்லை.

“அக்கா, அதுல என்ன எழுதியிருந்தீங்க? ஓட்ட முடியலக்கா, கொஞ்சம் குடுங்களேன்.”

“கைராசிக்காரனுக்குத் தாள் எதுக்குத் தம்பி?”

நியாயமா என்று கேட்டால், இல்லை. தனக்கு நேர்ந்ததைத்தான் அவள் அவனுக்குத் திருப்பிச் செய்தாள். அது அவளுக்கும் தெரியும். எட்டு ஜிபியில் அவன் தடுமாறுவதை ஐந்து நாள் தன் திரையின் பிரதிபலிப்பில் பார்த்தாள். அதைவிட, என்றாவது அவனே அந்த வழிகளைக் கண்டுபிடித்துவிடுவானோ என்று நினைத்தபோதுதான் வயிறு மறுபடி எரிந்தது. மெஷின் யார் வாங்கிக் கொடுத்தாலும் வரும். அந்த ஐந்து வரிகள் அவளே சம்பாதித்தவை.

ஆறாம் நாள் காலை, அவன் வருவதற்கு முன் தாளைப் பழைய இடத்தில் ஒட்டினாள்.

அவன் படித்துவிட்டு, “தேங்க்ஸ்க்கா! நீங்க தங்கம்!” என்று கத்தினான்.

அவள் திரும்பவில்லை. தாளில் நான்கு வரிகள் இருந்தன. ஐந்தாவதைக் கத்தரிக்கோலால் நேராக வெட்டி எடுத்திருந்தாள்.