நெஞ்சில் ஒரு நீலத் திட்டு

இதயத் தசையின் ஒவ்வொரு புள்ளிக்கும் மின் அலை எத்தனையாவது மில்லி விநாடியில் வந்து சேருகிறது என்று கணினியில் கணக்கிடுவது என் வேலை. சொந்த வீட்டிலேயே தங்கள் வேலையைப் புரியவைக்க முடியாதவர்கள் மேலே படிக்கலாம்.

மந்தைவெளியில்

காய்கறிக் கடையில் அம்மா, "இவ ஹார்ட்ல ஆராய்ச்சி பண்றா" என்றாள். கடைக்கார அக்கா முருங்கைக்காயைக் கீழே போட்டுவிட்டு, தோள் வலிக்கிறதென்று கையை நீட்டினாள். வைத்தியம் தெரியாது, கணினிக்குள் ஓர் இதயம் செய்து அதைத்தான் பார்க்கிறேன் என்று முனகினேன்.

"அப்ப நெஜ நெஞ்சுக்கு நீ ஆவமாட்ட" என்றாள் அக்கா.

செல்வம் அண்ணன்

தேனாம்பேட்டை மருத்துவமனை ஒன்றில் அவரைப் பார்த்தேன். சாந்தோமில் மீன்பிடிப்பவர். பழைய மாரடைப்பின் தழும்பால் இதயம் திடீரென்று தறிகெட்டு ஓடும். அலை சுற்றும் வழியை மறுநாள் டாக்டர் சூடு வைத்து அடைக்கவேண்டும். எந்த இடத்தில் என்று காட்டத்தான், அவருடைய ஸ்கேனிலிருந்து செய்த எங்கள் கணினி இதயம். அலை சீக்கிரம் வரும் இடம் சிவப்பு, தாமதமாக வரும் இடம் நீலம். தழும்பின் ஓரத்தில் பெரிய நீலத் திட்டு. அலை மெல்ல ஊர்ந்து சுற்றும் வழி அதுதான், சுடவேண்டியதும் அங்கேதான் என்று அவருக்குத் திரையில் காட்டினேன்.

"இன்னாம்மா, என் நெஞ்சுல இம்மாம் கடல் கீதா?"

திருத்தம்

அன்று மாலை, அடையாறில் எங்கள் ஆய்வுக்கூடத்தில், முன்பு அவர் இதயத்துக்குள் கம்பி செலுத்தி எடுத்த மின் பதிவுகளோடு எங்கள் கணினி இதயத்தை ஒப்பிட்டேன். அதே திட்டுக்கு அலை சீக்கிரமே வந்துவிடுகிறது என்றது பதிவைப் படிக்கும் மென்பொருள். கணினி இதயத்தைத் திருத்தச் சொன்னார் சீனியர் ஹரி. சரி என்று தலையாட்டினேன். திட்டில் அலையின் வேகத்தைக் கூட்டினேன். நீலம் சிவப்பானது.

"பாத்தியா? நிஜத்தோட சண்டை போடக்கூடாது" என்ற ஹரி, திருத்திய படத்தை டாக்டருக்கு அனுப்பினார்.

இரண்டு சரிவுகள்

மனம் கேட்கவில்லை. பதிவின் மூல வரைபடத்தையே திறந்தேன். கோடு செங்குத்தாகச் சரியும் கணம்தான் அலை வந்த நேரம். அங்கே இரண்டு சரிவுகள். முதலில் வந்த பெரியது பக்கத்து நல்ல தசையுடையது. பின்னால் வந்த சின்னதுதான் தழும்புடையது. மென்பொருள் பெரியதைப் பிடித்திருந்தது. டாக்டரைக் கூப்பிட ஃபோனை எடுத்தேன், வைத்தேன், தண்ணீர் குடித்தேன். ஒருவழியாக, அந்தத் திட்டு நீலம்தான் என்று சொன்னதும் அவரும் வரைபடத்தைத் திறந்து பார்த்தார்.

"நீ சொல்றது சரி. அதை ஏம்மா காதுல ரகசியம் மாதிரி சொல்றே? தப்பான எடத்துல சுட்டிருப்பேனே!"

வார்டில்

நீலத் திட்டில்தான் சுட்டார்கள். பிறகு வேண்டுமென்றே தூண்டிப் பார்த்தும் இதயம் தறிகெடவில்லை. மறுநாள் போனபோது செல்வம் அண்ணன் இட்லியைச் சாம்பாரில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, கடலு வத்திப்போச்சா?"

மில்லி விநாடித் தாமதத்தைக் கண்டுபிடித்துவிட்ட எனக்கு, அதை ஃபோனில் சொல்ல முக்கால் மணி நேரம் பிடித்தது.