செவ்வாய், வியாழன் கணக்கு வகுப்பு

மாத்தளை நகரத்தில் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில், டொக்டரைப் பார்க்க வருகிறவர்களுக்கு இலக்கம் கொடுக்கும் கவுண்டரில் ஷிரானி வேலை செய்தாள். மகள் மதுஷிகாவைப் பள்ளியில் சேர்த்த வருடம் இந்த வேலைக்கு வந்தவள். மகள் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த பிறகும் அதே கவுண்டரில்தான் நின்றாள். சிங்களத்தில் ஒருவருக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் இன்னொருவர் தமிழில் கேட்பார். டொக்டர் பிந்தி வந்தாலும் ஏச்சு அவளுக்குத்தான். வராமல் விட்டாலும் அவளுக்குத்தான். பின்னேரம் வீட்டுக்குப் போக உக்குவளை பஸ்ஸில் ஏறும்போது கால் இரண்டும் வேறு யாருடையதோ போலிருக்கும்.

வரவேற்புப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த பெண்மணி ஓய்வு பெறப் போகிறார் என்ற பேச்சு வந்தது. அந்த இடத்துக்குப் பட்டதாரிகளும், பட்டம் படித்துக்கொண்டிருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று நிர்வாகம் சொன்னது. பக்கத்துக் கவுண்டர் பஸ்லாதான் ஷிரானியை விடவில்லை.

"அந்த வேலைய இப்பவே நீங்கதானே பாக்கிறீங்க அக்கா. ஒரு டிகிரிக்குப் பதிஞ்சா போதும். எல்லாம் ஒன்லைன்லதான்."

"இந்த வயசுலயா?"

"ஏன், வயசு கேட்டா பதியிறாங்க?"

ஷிரானி முகாமைத்துவப் பட்டப்படிப்பு ஒன்றுக்குப் பதிந்தாள். எல்லாம் முடிந்த பிறகுதான் முதல் பாடமே அறிமுகக் கணிதம் என்று தெரிந்தது. சாதாரண தரப் பரீட்சையில் கணக்கை இரண்டாவது முறை எழுதி, தட்டுத்தடுமாறி சித்தியடைந்தவள் அவள். அன்று பரீட்சை மண்டபத்தை விட்டு வெளியே வந்து, இனி இந்தச் சனியன் முகத்தில் முழிக்கத் தேவையில்லை என்று மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றியிருந்தாள்.

வகுப்பு செவ்வாயும் வியாழனும், பின்னேரம் ஆறு மணிக்கு. முதல் நாள் பஸ்ஸிலேயே ஆறு ஆகிவிட்டது. காதில் வயரை மாட்டிக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு வந்தாள். விரிவுரையாளர் ஆங்கிலத்தில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தன் முறை வந்ததும் ஷிரானி அவசரமாக மைக்கைத் திறந்தாள். அவள் வாயைத் திறக்கும் முன்பே கொண்டக்டர், "இஸ்ஸரஹாட்ட யன்ன, இஸ்ஸரஹாட்ட யன்ன" என்று எல்லாரையும் முன்னுக்குப் போகச்சொல்லிக் கத்தியது வகுப்பு முழுக்கக் கேட்டது. யாரோ சிரித்தார்கள். விரிவுரையாளரும் சிரித்தார். ஷிரானி பஸ்ஸுக்குள் தலை குனிந்து நின்றாள்.

அவள் கணவன் ஜெயகாந்த் லொறி ஓட்டுகிறவன். தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றப் போனால் வீடு திரும்புவது நினைத்த நேரத்தில் இல்லை. வீட்டில் இருந்தது மதுஷிகா மட்டும்தான். அவள் இருந்தும் இல்லாத மாதிரிதான். கணிதப் பிரிவில் படித்தவள். இணைந்த கணிதத்தில் தவறிவிட்டாள். ரிசல்ட் வந்த அன்று புத்தகம் எல்லாவற்றையும் உரப் பையில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளியவள், அதன் பிறகு யாரோடும் நாலு சொல் சேர்த்துப் பேசவில்லை. மறுபடி எழுதுகிறாயா என்று கேட்டால் எழுந்து போய்விடுவாள். ஷிரானியும் கேட்பதை விட்டுவிட்டாள். கேட்கவும் தெம்பு வேண்டுமே.

ஒரு வியாழன், குசினி மேசையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஷிரானி ஒரு சமனிலியோடு, பெரிது சிறிது குறி போட்ட கணக்கோடு, மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அடுப்பில் பருப்பு கொதித்தது. தண்ணீர் குடிக்க வந்த மதுஷிகா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"பிழை. சய எண்ணால, அதான் மைனஸால, பெருக்கினா குறி திரும்பணும்."

"ஏன் திரும்பணும்?"

"அப்படித்தான்."

"அப்படித்தான்னா எனக்கு மண்டையில ஏறாது புள்ள. ஏன்னு சொல்லு."

மதுஷிகாவுக்கு எரிச்சல் வந்தது. கோப்பையை மேசையில் வைத்துவிட்டுத் தாளைத் தன் பக்கம் இழுத்தாள்.

"சரி, ரெண்டு பெருசா அஞ்சு பெருசா?"

"அஞ்சு."

"ரெண்டடிப் பள்ளம் ஒண்ணு, அஞ்சடிப் பள்ளம் ஒண்ணு. எது கீழ இருக்கு?"

"அஞ்சடிதான்."

"அப்ப சய அஞ்சு, சய ரெண்ட விடக் கீழ. மேல பெருசா இருந்தது சய போட்டதும் கீழ போயிருச்சு. அதான் குறி திரும்புது."

ஷிரானி தாளைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். "இத இத்தன வருசமா எவனும் எனக்குச் சொல்லலையே!"

"எனக்கும் யாரும் சொல்லல" என்றாள் மதுஷிகா. "கிளாஸ்ல ஏன்னு கேக்க நேரமில்ல. பாடமாக்கிட்டு எழுதுறதுதான்." பருப்பை இறக்கி வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

அதன் பிறகு சில நாட்களில் தண்ணீர் குடிக்க வருவாள், சில நாட்களில் வரமாட்டாள். வந்தாலும் பொறுமை கிடையாது. "இது ஒன்பதாம் ஆண்டுக் கணக்கும்மா" என்பாள். அந்தச் சொல் ஷிரானிக்குக் கவுண்டரில் வாங்கும் ஏச்சை விடச் சுட்டது. ஆனாலும் கேட்டுக்கொண்டாள்.

மழை பிடித்துக்கொண்ட வாரம், பாதி வகுப்பில் ஷிரானி மேசையில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள். கண் விழித்தபோது வகுப்பு முடிந்திருந்தது. அடுத்த செவ்வாய் விரிவுரையாளர் எல்லார் முன்னிலையிலும், "ஷிரானி, மடக்கையைப் பற்றி அன்று சாட்டில் அழகாக எழுதியிருந்தீர்கள். மற்றவர்களுக்கும் விளங்கப்படுத்துங்கள்" என்றார். ஷிரானி எதையும் எழுதியிருக்கவில்லை. மைக் வேலை செய்யவில்லை என்று எழுதிப் போட்டுவிட்டு வெளியேறினாள்.

"அன்னைக்கு நான் தூங்கினப்ப நீயா எழுதின?" என்று மதுஷிகாவிடம் கேட்டாள்.

"ஒங்க பேரத்தான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு. நீங்க எழும்பல."

"எழும்பலன்னா எழும்பலன்னு இருக்கட்டுமே! நான் ஒன்னக் கேட்டனா? இப்ப அந்த மனுசன் நான் கெட்டிக்காரின்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு."

ஒன்லைன் தவணைப் பரீட்சைக்கு முந்தின நாள் மதுஷிகா அவளாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கெமரா போடச் சொல்லலதானே. நான் செஞ்சு தாறேன்மா. நீங்க போய்ப் படுங்க. மூஞ்சியப் பாக்கவே முடியல."

ஷிரானி உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்று ஒரு டொக்டர் வராமல், நின்ற சனம் முழுவதும் அவள் மேல் பாய்ந்திருந்தது. படு என்ற சொல்லே போதும் போலிருந்தது. யாருக்குத் தெரியப்போகிறது? வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் செய்வார்கள். சரி என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது.

"கடைசிப் பரீட்சை கண்டியில, மண்டபத்துல" என்றாள். "அன்னைக்கு நீ வந்து என் மண்டைக்குள்ள உக்காந்துக்குவியா?"

மதுஷிகா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

பரீட்சையை ஷிரானியே செய்தாள். தவறினாள். புள்ளி திரையில் வந்தபோது மதுஷிகா பின்னால்தான் நின்றாள்.

"நான் சொன்னேன்தானே!" அவள் குரல் உடைந்திருந்தது. தாயின் புள்ளிக்கு அவள் ஏன் அழ வேண்டும் என்று ஷிரானிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"நீயும் ஃபெயில், நானும் ஃபெயில். போய்த் தேத்தண்ணி ஊத்து."

மதுஷிகா அழுகையோடு சிரித்துவிட்டாள். தேநீரைக் குடித்து முடித்த பிறகு, தவறிய கேள்விகளை முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். அன்றைக்கு அவள் ஒன்பதாம் ஆண்டைப் பற்றிப் பேசவில்லை.

இடையில் நிர்வாகம் பொறுப்பாளர் இடத்துக்கு வெளியிலிருந்து ஒரு பட்டதாரிப் பெண்ணை எடுத்துவிட்டது. பஸ்லா கொதித்தாள். ஷிரானிக்குக் கோபப்படவும் முடியவில்லை. கம்ப்யூட்டரில் எந்த டொக்டரின் பெயர் எங்கே இருக்கிறது என்று புதியவளுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டு, வழக்கமான பஸ்ஸில் வீட்டுக்கு வந்தாள்.

"இனி எதுக்கும்மா இது?" என்று மதுஷிகா கேட்டாள்.

"தெரியல. பாதியில விட்டா இன்னும் களைப்பா இருக்கும் போல."

கண்டிப் பரீட்சைக்கு ரயிலில் போனாள். வேர்வையில் பேனை வழுக்கியது. சமனிலி வந்தது, செய்தாள். மடக்கையில் ஒன்றை விட்டுவிட்டாள். கவுண்டரில் நிற்கும்போதுதான் ரிசல்ட் போனில் வந்தது: சாதாரண சித்தி, 'C' தரம். ஜெயகாந்துக்கு அழைத்துச் சொன்னாள்.

"பாஸா? அடி சக்க! சாப்பிட்டியா நீ?" லொறிச் சத்தத்துக்கு மேலால் அவன் கத்தினான். அவள் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை.

மதுஷிகா உயர்தரத்தை மறுபடி எழுதவில்லை. எழுதமாட்டேன் என்று நேராகவே சொன்னாள். மருத்துவ நிலையக் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஷிரானி அதற்காக ஒரு தரம் அழுதாள். அடுத்த மாதம் மகள் கண்டியில் கட்டட அளவீட்டுப் படிப்பு ஒன்றில் சேர்ந்தாள். அது என்ன படிப்பு என்று கேட்டவர்களுக்கு ஷிரானி, "கணக்குத்தான், கட்டடத்துக் கணக்கு" என்று சொல்லிவைத்தாள். போகும்போது உரப் பையிலிருந்து சில புத்தகங்களை மட்டும் மகள் எடுத்துப் போனாள்.

அடுத்த பாடம் புள்ளிவிவரவியல். அது திங்களும் புதனும். முதல் வகுப்பில் விரிவுரையாளர், போன பாடத்தில் யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டார். நிறையவே இருந்தது. ஷிரானி மைக்கைத் திறந்து, மடக்கையை இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாள். கேட்டுவிட்டு, கால்களைப் பக்கத்து நாற்காலியில் தூக்கிப் போட்டுக்கொண்டாள்.