எங்களுக்குத் தண்டல் என்ற பெயர் வந்த விதம்

பள்ளிக்கூடப் பதிவேட்டில் என் பெயருக்குப் பின்னால் தண்டல் என்று இருந்தது. பின்னாளில் டிராம் வண்டியில் டிக்கெட் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தபோதும் அப்படியே எழுதிக் கொடுத்தேன். பினாங்குத் துறைமுகத்தில் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சரக்கு ஏற்றிப்போகும் பெரிய படகைத் தொங்காங் என்பார்கள்; அதன் தலைவன் தண்டல். அதனால் என் அப்பா படகுக்காரர், நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டவர் என்று எனக்குள் நானே முடிவு கட்டியிருந்தேன். அம்மா அதை ஆமாம் என்றதும் இல்லை, இல்லை என்றதும் இல்லை. பீச் ஸ்ட்ரீட்டில் சரக்குக் கிட்டங்கி ஒன்றில் கிராம்பும் ஜாதிக்காயும் தரம் பிரிப்பது அவள் வேலை. அப்பாவைப் பற்றிக் கேட்டால் அவளுக்கு உடனே அடுப்படியில் ஏதாவது ஞாபகம் வந்துவிடும்.

எனக்கு இருபத்துநான்கு வயதில், பினாங்கிலேயே ஆயர் ஈத்தாமில் ஒரு பெண்ணைப் பேசினார்கள். பெண்ணின் தகப்பனார் அங்கே சந்தைக்கு எதிரில் மளிகைக்கடை வைத்திருந்தார். கடை வைப்பதற்கு முன் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதும் கிராணி. காப்பி குடித்து முடித்ததும் என்னைக் கடைக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

"தண்டல்னு உங்களுக்கு எப்படிப் பேரு வந்துச்சு தம்பி?"

"அப்பா தண்டலா இருந்தாரு."

"எந்தத் தொங்காங்குல? நான் அங்க பன்னெண்டு வருஷம் இருந்தவன். தண்டல்மாருங்க எல்லாரையும் எனக்குத் தெரியும். கடலுக்கு அந்தப் பக்கம் அக்கரையிலேருந்து சீனி மூட்டை ஏத்திட்டு வர்ற பாய் ஒருத்தரு, நாகூர்ப் பக்கத்துக்காரரு. வலி எடுத்த ஒரு பொம்பளைய ஆஸ்பத்திரிக்கு அவர் கூட்டிட்டுப் போனாருன்னு அப்ப ஒரு பேச்சு அடிபட்டுச்சு." சற்று நிறுத்தினார். "அவருதான் உங்க அப்பாவா? தப்பா நெனக்காதீங்க. பொண்ணக் குடுக்குறவன் கேட்டுத்தான ஆகணும்."

அம்மாவிடம் கேட்டுக்கொண்டு வந்து சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். திரும்பும் டிராமில் அம்மா பெண்ணின் குணத்தைப் புகழ்ந்துகொண்டே வந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், அவர் கேட்டதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். அம்மா எழுந்துபோய் வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"உங்கப்பா படகுக்காரரு இல்ல," என்றாள். "அக்கரையில கரும்புத் தோட்டத்துல கூலி. நாங்க ரெண்டு பேரும் ஒப்பந்தத்துல வந்தவங்க. நீ வயித்துல ஏழு மாசமா இருக்கும்போது காய்ச்சல்ல போயிட்டாரு. எனக்கு ஒப்பந்தம் முடிய இன்னும் ஒண்ணரை வருஷம் இருந்துச்சு. எட்டு மாசத்துலயும் களை வெட்ட வரச் சொன்னான் கங்காணி. ஒரு நாள் விடியக்காலையில வேலைக்குப் போற மாதிரி கெளம்பி, ஆத்தங்கரைக்கு நடந்து போயிட்டேன்."

அங்கே சீனி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த தொங்காங்கின் தண்டலிடம், 'அண்ணே, பினாங்குல எறக்கி விட்டுடுங்க' என்று மட்டும் கேட்டாளாம். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. மூட்டைகளுக்கு நடுவே இடம் ஒதுக்கி, மேலே ஒரு பாயைப் போட்டு மறைத்தார். நடுக்கடலில் வலி எடுத்துவிட்டது. கரை சேர்ந்ததும் ரிக்‌ஷாவில் ஏற்றி, கூடவே ஓடி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

"ஆஸ்பத்திரிக் கிராணி புருஷன் பேரு என்னன்னு கேட்டான். புருஷன் பேர வாயால சொல்ற பழக்கம் எங்கள்ல ஏது? சொன்னா மாட்டிக்குவோம்னு பயம் வேற. நான் வாயே தொறக்கல. வாசல்ல நின்னவரப் பாத்து, நீ யாருன்னான். தண்டல்னாரு. அவன் அதையே எழுதிட்டான்."

"நீ திருத்தலையா?"

"திருத்தலாம்னுதான் இருந்தேன். நீ பொறந்து மூணாம் நாள் தோட்டத்து ஆளுங்க ரெண்டு பேரு தேடிட்டு வந்தாங்க. நான் திரைக்குப் பின்னாடி படுத்திருக்கேன். உங்கப்பா பேரச் சொல்லி, அவன் பொண்டாட்டி இங்க இருக்காளான்னு கேக்குறாங்க. கிராணி புஸ்தகத்தப் பொரட்டுறான். அப்படி ஒரு பேரே இல்ல போன்னுட்டான். அதுக்கப்புறம் திருத்துவனா?"

இத்தனை வருடம் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"உங்கிட்ட சொன்னா நீ யாருகிட்டயாவது சொல்லிருவ. ஓடிப்போனவன்னு பிடிச்சா ஜெயிலு. இப்பவும் அந்தப் பயந்தான்."

"அம்மா, அந்த ஒப்பந்தச் சட்டமே இப்ப கெடையாது. நான் சின்னப் புள்ளையா இருக்கும்போதே எடுத்துட்டாங்க."

"எடுத்துட்டாங்களா?" என்றாள். "எனக்கு யாரு சொன்னா?"

போலீஸ்காரரைக் கண்டால் அவள் ஏன் எதிர்ச்சாரிக்கு மாறி நடப்பாள் என்பதும், அக்கரையில் நடக்கும் எந்தக் கல்யாணத்துக்கும் ஏன் தலைவலி என்பாள் என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. இருபது வருடங்களுக்கு மேலாக இல்லாத ஒன்றுக்குப் பயந்து வாழ்ந்திருக்கிறாள். நானோ தினமும் செய்தித்தாள் படிக்கிறவன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா பெயர் என்ன என்று கேட்டேன். இரண்டு முறை வாயெடுத்து நிறுத்தினாள். மூன்றாம் முறை சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

துறைமுகத்தில் விசாரித்துக்கொண்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் தண்டலைத் தேடிப் போனோம். துறைமுகத்தை ஒட்டிய வெல்ட் கீ சாலை அருகே மகள் வீட்டில் இருந்தார். அறுபதைத் தாண்டியவர். அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"ஒக்காருங்க தங்கச்சி. இதுதான் புள்ளையா?"

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தண்டல் என்ற பெயரில் ஒரு பையன் பள்ளிக்கூடம் போகிறான் என்று யாரோ அவர் மனைவியின் காதில் போட்டார்களாம். ஒரு மாதம் வீட்டில் சோறு வந்தது, பேச்சு வரவில்லை. பிறகு நடந்ததை எல்லாம் சொல்லிச் சமாதானப்படுத்தியிருக்கிறார்.

"எங்கள ஏன் வந்து பாக்கல?" என்றேன்.

"வந்தா நாலு பேரு என்ன பேசுவாங்க? ஒங்கம்மாவுக்குத்தான தம்பி கெடுதல்." பிறகு சிரித்தார். "தண்டல்ங்கிறது என் பேரே இல்ல. என் பேர அன்னக்கி அந்த ஆஸ்பத்திரிக் கிராணி கேக்கவே இல்ல." தன் பெயரைச் சொன்னார். அவர் பேரப்பிள்ளைகள் இன்றும் இந்த ஊரில் இருப்பதால் அதை இங்கே எழுதவில்லை.

எங்களோடு ஆயர் ஈத்தாமுக்கு வர அவர் தயங்கவில்லை. பெண்ணின் தகப்பனார் அவரைக் கண்டதும் அடையாளம் தெரிந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். தண்டல் நடந்ததை நடந்தபடி சொன்னார். பெண்ணின் தகப்பனார் அம்மாவிடம், "மன்னிச்சுக்கங்கம்மா. அந்தப் பேச்ச அப்ப நானும் நாலு பேருகிட்ட சொல்லியிருக்கேன்," என்றார். அதை அவர் ஒப்புக்கொண்டது எனக்கு அவர்மேல் மரியாதையை உண்டாக்கியது. ஆனாலும் ஒன்று கேட்டார்: கல்யாணப் பத்திரிகையில் பெற்ற தகப்பன் பெயரைத்தான் போட வேண்டும்.

அது நியாயம்தான். போட்டோம். அச்சில் அந்தப் பெயர் வந்தது அதுவே முதல் தடவை, எனக்குத் தெரிந்து கடைசித் தடவையும்கூட. மற்ற காகிதங்களை மாற்றுவதா என்று பல நாள் யோசித்தேன். தண்டலும், "அப்பா பேர வச்சுக்கப்பா, அதான் மொற," என்றுதான் சொன்னார். ஆனால் அந்த ஆஸ்பத்திரிக் கிராணியின் பேனா சரியாக எழுதியிருந்தால் அம்மா ஜெயிலுக்குப் போயிருப்பாள். நான் கரும்புத் தோட்டத்தில் வளர்ந்திருப்பேன். பெற்றவரை எனக்குத் தெரியாது. பெயர் கொடுத்தவருக்கோ, கொடுத்ததே அப்போது தெரியாது. இருவருக்கும் நான் கடமைப்பட்டவன். வேலைக் காகிதத்தில் இருந்ததை இருந்தபடியே விட்டேன். என் மூன்று பிள்ளைகளும் தண்டல் என்றே எழுதுகிறார்கள்.

கல்யாணம் முடிந்த மறுமாதம் அம்மாவே கேட்டாள், அக்கரைக்குப் போகலாமா என்று. நானும் என் மனைவியும் அவளைக் கூட்டிக்கொண்டு நீராவிப் படகில் போனோம். தோட்டம் இருந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே பாதி நாள் ஆயிற்று. கரும்பு எப்போதோ போய், கண்ணுக்கு எட்டிய தூரம் ரப்பர் மரம் நின்றது. கூலிகள் குடியிருந்த லயங்களும் இல்லை, அப்பாவைப் புதைத்த மேடும் இல்லை. அங்கே ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. அம்மா இந்தப் பக்கமாக இருக்கும் என்றாள், பிறகு அந்தப் பக்கம் என்றாள், பிறகு விட்டுவிட்டாள். ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன சோற்றை மூன்று பேரும் சாப்பிட்டோம். சாயங்காலப் படகில், அன்று பாய்க்கு அடியில் மறைந்து வந்த அதே வழியில் திரும்பும்போது அவள் மேல்தளத்துக்கு வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, கரை வரும்வரை நின்றபடியே வந்தாள்.