தமிழ்ல வந்த முதல் மெயில்

இன்னைக்கு கேரளாவுல தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற எங்க மீனாட்சிபுரம் பால் சொசைட்டியில, போலி மெயிலைக் கண்டுபிடிக்கிறது எப்படின்னு ஊழியர்களுக்கு வகுப்பு.

பாலக்காட்டுல இருந்து வந்த மேடம் எடுத்ததுமே குண்டைத் தூக்கிப் போட்டாங்க. போன வாரம் எங்களுக்கு ரெண்டு போலி மெயில் அனுப்பிச் சோதிச்சதே அவங்கதானாம்.

மலையாளத்துல அனுப்பினதை ஒருத்தர்கூடத் தொடலை. "வெரி குட்"னாங்க.

நாங்க எல்லாம் தமிழ் மீடியம். மலையாளம் பேசுவோம், படிக்க வராது. அதை நான் வாயைத் திறந்து சொல்லலை.

தமிழ்ல அனுப்பினதுல பதினோரு பேரும் லிங்க்கை அமுக்கி, பாஸ்வேர்டையும் குடுத்திருக்கோம். ஸ்கிரீன்ல முதல் பேரு என்னோடது. அந்த மெயிலை குரூப்புல போட்டு எல்லாரையும் அமுக்கச் சொன்னதே நான்தான்.

"யாருக்கும் சந்தேகமே வரலையா?"ன்னு மேடம் கேட்டாங்க.

பால் டெஸ்ட் பண்ற சரசக்கா எந்திரிச்சாங்க. "ஏனுங்க மேடம், பதினெட்டு வருசத்துல மேல இருந்து தமிழ்ல ஒரு கடுதாசி வந்ததே இதுதானுங்க. சந்தோசத்துல அமுக்கிட்டோமுங்க."

கிளம்பறப்ப மேடம், இனி ஏமாறாம இருக்க ஆளுக்கொரு கையேடு குடுத்தாங்க. முழுசும் மலையாளம்.

படிச்சுச் சொல்ல யாராச்சும் இருக்கீங்களா? லிங்க் மட்டும் அனுப்பாதீங்க, தமிழ்ல இருந்தா அமுக்கிருவேன்.