டீக்கன் லூஷியஸின் சனிக்கிழமை வகுப்பு

அப்பா லூஷியஸ் டில்லரி அமெரிக்காவின் மெம்பிஸில் ஹீட்டர் மெக்கானிக். எங்கள் கறுப்பின சபையில் டீக்கன், அதாவது போதகருக்கு உதவும் மூப்பர். சனிக்கிழமைகளில் சபையின் கீழ்த்தளத்தில், சிறையிலிருந்து வந்தவர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார். கூடவே தன் கொள்கையையும்: கல்யாணம் செய், பிள்ளைகளோடு இரு, சொந்தத் தொழில் தொடங்கு, அரசாங்க உதவிக்குக் காத்திருக்காதே.

"பெருசு, ஒரு கல்யாணம் பண்ணியே நொந்து கிடக்கேன்" என்பான் அவரிடம் கற்ற கோர்டெஸ்.

"பர்னரைத் தொடுற பக்குவத்துல பாதியாவது அவகிட்ட பேசியிருந்தா நிலைச்சிருக்கும்டா."

தேர்தல் வந்தது. கறுப்பினத்தவர் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சிக்கே ஓட்டுப் போடும் எங்கள் தெருவில் யாரும் செய்யாததை அப்பா செய்தார். வாசல் புல்வெளியில் குடியரசுக் கட்சியின் பலகையை நட்டார்.

போதகர் கூப்பிட்டனுப்பினார். "டீக்கன், சபையில ஒரே பேச்சா இருக்கு. ஒண்ணு பலகையை எடுங்க, இல்ல கீழ்த்தளச் சாவியைக் குடுங்க."

நானும் கெஞ்சினேன். "வகுப்புதானேப்பா முக்கியம்? எடுத்துடுங்க."

"நம்புறதை வாயைத் திறந்து சொல்லுங்கடான்னு அவனுங்களுக்குச் சொன்னேன். இப்ப நானே பயந்து பிடுங்கவா, அம்மாடி?"

சாவியைக் கொடுத்தார்.

வகுப்பு எங்கள் கேரேஜுக்கு வந்தது. கட்சிக்காரர்கள் வந்து, அவரோடு படம் எடுத்துக்கொண்டு போனார்கள். தேர்தலுக்குப் பிறகு அப்பா கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை. "வெள்ளைக்காரனுக்கு வால் பிடிக்கிறவன்கிட்டயா போற?" என்று முடிவெட்டும் கடையில் கேலி செய்ததால் ஆட்கள் குறைந்தார்கள். கடைசியாக வருவதை நிறுத்தியவன் கோர்டெஸ். அப்பா அதன்பின்னும் கேரேஜைத் திறந்து, ஹீட்டரை ஏற்றிவைத்துக் காத்திருந்தார். பக்கவாதம் வந்து விழுந்ததும் அங்கேதான்.

எங்கள் சபை வழக்கப்படி, அப்பாவின் அடக்க ஆராதனையில் யார் வேண்டுமானாலும் எழுந்து இரண்டு நிமிடம் பேசலாம். அவர் பாட்டைப் பற்றிப் பேசினார்கள். அவர் பொரிக்கும் மீனைப் பற்றிப் பேசினார்கள். அவரிடம் கற்றவர்கள் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வேற யாராவது?" என்றார் போதகர்.

யாரும் எழவில்லை. ஆர்கன் ஒலித்தது.

வெளியே கோர்டெஸ் தன் வேனருகே நின்றான். கதவில் அவன் பெயரும் 'ஹீட்டர் சர்வீஸ்' என்றும் எழுதியிருந்தது.

"எந்திரிச்சுப் பேசணும்னுதான்க்கா வந்தேன். பின்னாடி உட்கார்ந்திருந்தது பூரா என் கஸ்டமருங்க, பெருசை ஏத்திப் பேசினா விட்டுப் போயிடுவாங்க. தொழிலைக் காப்பாத்திக்கணும்ல? பெருசே அதைத்தான் சொல்லுவாரு."

நான் பொறியாளர். அந்தக் கணக்கில் பிழை தேடினேன். கிடைக்கவில்லை.

"வகுப்பை நீ நடத்துறியா?" என்றேன்.

"சனிக்கிழமைதான்க்கா எனக்கு வேலை ஜாஸ்தி" என்று சொல்லி வேனில் ஏறினான்.